ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு இத்தாலியன் தானாக வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் சுற்றுலாத் தொழிலில் இறங்க விரும்பும் நம்மவர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் வார மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். விமானச் சீட்டு, காப்புறுதி, பஸ் வாடகை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் இடையில் ஆட்களை அனுப்புகிறவர்களுக்கு மொழிபெயர்ப்புச் செலவே கிடையாது, இரண்டும் அக்காள் தங்கை மொழிகள், மிச்சத்தைக் கைபேசி பார்த்துக்கொள்ளும். இந்த வரியை நம்பி யாராவது கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லை என்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், உணவு ஒவ்வாமை பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

நான் இருப்பது சிசிலித் தீவின் பலெர்மோவில். வேலை ஒரு சின்னப் பயண அலுவலகத்தில். இங்குள்ள தேவாலயப் பங்குகளிலிருந்து ஸ்பெயினுக்கு யாத்திரை போகும் குழுக்கள்தான் எங்கள் பிழைப்பு. புனித யாக்கோபின் யாத்திரைத் தலமான சந்தியாகோ, மொன்செராத், ஆவிலா, சில சமயம் அப்படியே செவியா, கிரனாடா என்று தெற்கே ஒரு சுற்று. அங்குள்ள ஹோட்டல், பஸ் கம்பெனி, சாப்பாட்டுக்கடை எல்லாரும் தாள்களை ஸ்பானிஷில் அனுப்புவார்கள். எங்கள் பயணியின் கைக்குப் போகும்போது அது இத்தாலியனில் இருக்க வேண்டும். நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. மொழிபெயர்ப்பை விலைக்கு வாங்குகிறவள், வாங்கியதைப் படித்துப் பார்த்துச் சண்டை பிடிக்கிறவள். அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் நெருங்கிய மொழிகள் என்பது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. பலெர்மோக்காரரிடம் கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஊரின் நடுவில் குவாத்ரோ கான்தி என்ற நாற்சந்தியில் ஐந்தாம் சார்லஸ் தொடங்கி நாலாம் பிலிப் வரை ஸ்பானிய மன்னர்கள் நாலு பேர் சிலையாக நிற்கிறார்கள், அதைக் குறுக்கே வெட்டும் தெருவுக்கே ஒரு ஸ்பானிய ஆளுநரின் பெயர்தான், ஆகவே எங்களுக்கு ஸ்பானிஷ் ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள். பார்சலோனாவில் இறங்கியதும் வார்த்தைக் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்துக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். கடையில் கோப்பி வாங்க அது போதும். ஒப்பந்தத்துக்குப் போதாது.

நமக்கு இது விளங்காத விஷயமும் இல்லை. மலையாளத்தை எடுங்கள். காதில் விழும்போது பாதி புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் அங்கே 'சம்சாரம்' என்றால் பேச்சு, நமக்கு மனைவி. அங்கே 'அவசரம்' என்றால் வாய்ப்பு, நமக்கு வேறு. தெரியாத சொல்லைக் கண்டால் யாரும் அகராதியைப் புரட்டுவார்கள். தெரிந்த மாதிரி நிற்கும் சொல்லை யாரும் புரட்ட மாட்டார்கள், ஸ்பானிஷுக்கும் இத்தாலியனுக்கும் நடுவில் வருகிற கோளாறெல்லாம் அங்கேதான் வருகிறது. ஜெர்மனிலிருந்து இத்தாலியனுக்கு மாற்ற ஆள் தேடும்போது எல்லாரும் படித்தவரைத்தான் தேடுகிறார்கள். ஸ்பானிஷ் என்றால் மட்டும் 'மச்சான் கொஞ்ச நாள் மாட்ரிட்டில் இருந்தவர், அவரிடம் கொடுப்போம்' என்று ஆகிவிடுகிறது.

எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். வாடகை வீடு ஒன்றின் விவரத்தில் 'தொவாயா' உண்டு என்று ஸ்பானிஷில் எழுதியிருந்தது, அதாவது குளிக்கும் துவாய். இத்தாலியனில் 'தொவால்யா' என்று போட்டு அனுப்பிவிட்டார்கள், அது மேசைவிரிப்பு. படகுச் சவாரி விளம்பரத்தில் 'எக்கிபாஹே' சேராது என்று இருந்தது, பயணப்பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பில் 'எக்குயிபாஜ்ஜோ' சேராது என்று வந்தது, இத்தாலியனில் அது படகோட்டும் மாலுமிகள். ஆள் இல்லாத படகில் யார் போவார்கள்? மலாகாவுக்குப் பக்கத்தில் மிஹாஸ் என்று வெள்ளைச் சுவர் வீடுகள் நிறைந்த ஓர் ஊர், கழுதைச் சவாரிக்குப் பேர்போனது. ஸ்பானிஷில் கழுதைக்கு 'புர்ரோ'. அதே சொல் இத்தாலியனில் வெண்ணெய். வெண்ணெய்மேல் ஏறி ஊரைச் சுற்றலாம் என்று ஒரு கையேடு அச்சாகியே விட்டது. 'காம்பாஸ்' என்ற இறாலைக் 'காம்பே' ஆக்கினால் தட்டில் கால்கள் வரும். சமையல் எண்ணெய்க்கு ஸ்பானிஷில் இருக்கும் சொல், இத்தாலியனில் வினாகிரியைக் குறிக்கும் சொல்லுக்கு அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது. வெளியேறும் வழிக்கு அவர்கள் சொல்வது இவர்களுக்கு ஏற்றப் பாதைபோலக் கேட்கும். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற வகை. எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஒரு விடுமுறைக்கும் வாரக் கடைசிக்கும் இடையில் விழும் வேலைநாளையும் சேர்த்து லீவு எடுப்பதை இரண்டு நாட்டாரும் 'பாலம்' என்றே சொல்கிறார்கள், அப்படியே மாற்றலாம், ஒரு சேதமும் வராது.

சிரிக்க முடியாத வகை வேறு. ஸ்பானிஷில் 'மத்ருகாதா' என்று நள்ளிரவு தாண்டி விடியும் வரையான நேரத்துக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. சனிக்கிழமை மத்ருகாதா 2 மணிக்கு ஹோட்டல் வாசலில் பஸ் நிற்கும் என்று செவியாவிலிருந்து தாள் வந்தது. அதாவது வெள்ளி இரவு படுத்து எழுந்து 2 மணி. நாங்கள் அப்போது வேலை கொடுத்திருந்த ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் அதைச் 'சனி இரவு 2 மணி' என்று இத்தாலியனில் போட்டு அனுப்பியது. இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. ஆனால் இத்தாலியர் அதைப் படித்தால் சனிக்கிழமை முழுவதும் ஊர் சுற்றி, சாப்பிட்டு, அதன் பிறகு வரும் இரவு என்றுதான் எடுப்பார்கள். விமானமோ சனி காலையில். வெள்ளி மாலையில் ஒரு மூதாட்டி 'நாளைக்கு மத்தியானம் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறோம்' என்று தற்செயலாகக் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. ஹோட்டலில் கதவு கதவாகத் தட்டினோம். பயணத்துறை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'வெள்ளிக்கும் சனிக்கும் இடைப்பட்ட இரவு' என்று எழுதியிருப்பார், இத்தாலியர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த நிறுவனத்திடம் முறையிட்டதற்கு, மூலத்தில் 'இடைப்பட்ட' என்ற சொல்லே இல்லையே என்று பதில் வந்தது. அத்தோடு அவர்கள் கணக்கை முடித்துவிட்டோம்.

ஹோட்டல் அறை இன்னொரு தலைவலி. ஸ்பெயினில் 'அபித்தசியோன் தோப்லே' என்றால் இரண்டு பேருக்கான அறை, உள்ளே ஒரு பெரிய கட்டிலா இரண்டு சின்னக் கட்டிலா என்பதை அந்தப் பெயர் மட்டும் சொல்லாது. இத்தாலியில் 'தொப்பியா' என்றால் தனித்தனிக் கட்டில் இரண்டு, 'மத்ரிமோனியாலே' என்றால் தம்பதிக்கான ஒரே கட்டில். ஆகவே சொல்லுக்குச் சொல் வைத்து அறையை மாற்றவே முடியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, ஹோட்டலில் கேட்டுச் சொல்லுங்கள் என்று எங்களுக்கு ஒரு கேள்வி அனுப்புவார். கேள்வியே அனுப்பாமல் வேலையை முடித்துக் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். யாத்திரைக் குழுவில் முன்பின் தெரியாத இரண்டு பெரியவர்களை ஒரே கட்டிலில் படுக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஒவ்வாமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குவிதிப்படி ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள் வகைகள் உணவில் இருந்தால் சொல்லியாக வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து சாப்பாட்டுக்கடைக்கும் இது பொருந்துகிறது. ஸ்பானிஷ் மெனுவில் 'ஃப்ரூத்தோஸ் செக்கோஸ்' என்று இருந்தால் அது வாதுமை, முந்திரி, அக்ரூட் வகை. இத்தாலியனில் 'ஃப்ரூத்தா செக்கா' என்று போட்டால் அச்சில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போலத் தெரியும், ஆனால் இத்தாலியர் அதில் உலர்ந்த திராட்சை, உலர்ந்த அத்திப்பழத்தையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். ஒவ்வாமைப் பட்டியலுக்கு இத்தாலியனில் சட்டம் வைத்திருக்கும் பெயரே வேறு, 'ஃப்ரூத்தா ஆ கூஷோ', ஓடுள்ள கொட்டைகள். இது தெரியாதவர் கையில் மெனுவைக் கொடுக்கக் கூடாது, அவருக்கு எவ்வளவுதான் ஸ்பானிஷ் தெரிந்திருந்தாலும்.

சாப்பாட்டில் இன்னொன்று, இது உயிர் போகிற விஷயம் இல்லை, முறைப்பாடு வருகிற விஷயம். ஸ்பெயினில் மத்தியானம் குறைந்த விலையில் 'நாளின் மெனு' போடுவார்கள், முதல் தட்டு, இரண்டாம் தட்டு, பாண், குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ கோப்பியோ. அந்த முதல் தட்டு வெறும் சலாதாகவும் இருக்கலாம், பருப்புச் சூப்பாகவும் இருக்கலாம். இத்தாலியனில் அதைப் 'ப்ரீமோ' என்று எழுதினால் எங்கள் ஆட்கள் பாஸ்தாவோ சோறோ வரும் என்று காத்திருப்பார்கள். வராது. அதேபோல 'அல்முவெர்சோ' என்பது பல இடங்களில் மத்தியானச் சாப்பாடு, வலென்சியாப் பக்கத்தில் காலை பத்து மணிவாக்கில் உண்ணும் பெரிய சிற்றுண்டி. எந்த ஊரிலிருந்து வந்த தாள் என்று பார்க்காமல் மாற்ற முடியாது.

கைபேசி பார்த்துக்கொள்ளும் என்பதற்கு வருகிறேன். எந்திர மொழிபெயர்ப்பு மோசம் என்று சொல்லமாட்டேன், நானே பாவிக்கிறேன், வந்த மின்னஞ்சலில் என்ன கேட்கிறார்கள் என்று சட்டென்று அறிய அது மிக நல்லது. ஆனால் மொழி இணைகள் பலவற்றில் கூகுள் நீண்ட காலம் ஆங்கிலத்தை நடுவில் வைத்துத்தான் மாற்றி வந்தது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. ஸ்பானிஷில் மரியாதையாகக் கிளம்பிய வாசகம் அந்தக் கதவு வழியாக உள்ளே போய் இத்தாலியனில் 'நீ' என்று வெளியே வரும். எழுபது வயதுப் பாதிரியாருக்கு 'உன் அறைச் சாவியைக் கீழே கொடுத்துவிட்டுப் போ' என்று ஹோட்டல் கடிதம் வந்தால் அவர் என்ன நினைப்பார்? இப்போது வரும் எந்திரங்கள் நன்றாகத் தேறிவிட்டன, ஒப்புக்கொள்கிறேன். அதனால் பிழை கண்ணில் படுவதும் கடினமாகிவிட்டது. முன்பு வாக்கியம் நொண்டும், பார்த்தவுடன் தெரியும். இப்போது வாக்கியம் வழவழவென்று இருக்கிறது, உள்ளே மேசைவிரிப்பு உட்கார்ந்திருக்கிறது.

சரி, யாரைத் தேடுவது?

முதல் காரியம், இத்தாலியனைத் தாய்மொழியாகவோ தாய்மொழிக்கு நிகராகவோ எழுதுகிறவராக இருக்க வேண்டும். ஸ்பானிஷ்காரர் நல்ல இத்தாலியன் கதைப்பார், ஆனால் விளம்பரம் எழுத வேண்டியது போய்ச்சேரும் மொழியில். இது நான் கண்டுபிடித்த விதி இல்லை, யுனெஸ்கோ 1976இல் நைரோபியில் மொழிபெயர்ப்பாளர்கள் பற்றி ஏற்றுக்கொண்ட பரிந்துரையிலேயே இருக்கிறது, முடிந்தவரை தன் தாய்மொழிக்குள்ளேயோ அதற்குச் சமமாக வசமான மொழிக்குள்ளேயோ மொழிபெயர்க்க வேண்டும் என்று. ஸ்பானிஷிலிருந்து இத்தாலியனுக்கு ஒருவர், திரும்பி வர இன்னொருவர். இரண்டு பக்கமும் நானே செய்கிறேன் என்கிறவரை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாவது, துறை. சட்ட மொழிபெயர்ப்பில் புலியாக இருப்பவர் ஹோட்டல் விளம்பரத்தை நீதிமன்றக் கட்டளை மாதிரி எழுதிவிடுவார். விளம்பரத்தில் பூந்து விளையாடுகிறவர் ரத்து நிபந்தனையைக் கவிதையாக்கிவிடுவார். சுற்றுலாவில் இரண்டும் ஒரே தாளில் வருவதுதான் சிக்கல். 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியப் பொதிப் பயண (போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒன்றாக விற்கும் பயணம்) நெறிமுறை, 2015/2302, பயணிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது, தெளிவாக, விளங்கும்படி சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. ஸ்பானிஷ் ஒப்பந்தத்தில் 'தியாஸ் நாத்துராலேஸ்' என்றால் ஞாயிறும் விடுமுறையும் சேர்த்த நாட்கணக்கு, 'ஆபிலேஸ்' என்றால் வேலைநாள் மட்டும். இதைக் குழப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி மாறிப்போகும். பிறகு வழக்கு உங்கள் பெயரில்தான் வரும், மொழிபெயர்ப்பாளர் பெயரில் இல்லை.

மூன்றாவது, முத்திரைக்கு மயங்க வேண்டாம். ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சு நியமிக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், பட்டியலும் பொதுவில் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ், தீர்ப்பு போன்றவற்றுக்கு அவர்கள் வேண்டும். மெனுவுக்கும் கையேட்டுக்கும் வேண்டியதில்லை, அதற்கென்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இத்தாலியில் அப்படி அமைச்சு நியமிக்கும் முறை கிடையாது, மொழிபெயர்ப்பாளர் நீதிமன்ற அலுவலகத்துக்குத் தாளோடு போய்ச் சத்தியம் செய்து முத்திரைத்தலை ஒட்டுவார். சாதாரண மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு இத்தாலியில் வக்கீல், வைத்தியர் போலக் கட்டாயப் பதிவும் இல்லை, 2013ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பேசும் பதிவேடு இல்லாத தொழில்களுக்குள்தான் இது அடங்குகிறது. அதாவது நாளைக்கே நானும் அட்டை அடித்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் தொழிற்சங்கப் பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். இத்தாலியில் 1950இலிருந்து இருக்கும் ஐத்தி என்ற மொழிபெயர்ப்பாளர் சங்கம் தகுதி பார்த்துத்தான் ஆளைச் சேர்க்கிறது, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, எந்தத் துறை என்று போட்டுத் தேடலாம். ஸ்பெயினில் அசேத்ராத் என்ற சங்கம் இருக்கிறது. உலகளாவிய இணையப் பட்டியல்களும் உண்டு, அவற்றிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே பலர் சட்டம், மருத்துவம், சுற்றுலா, அணுமின்சாரம் எல்லாவற்றிலும் நிபுணர் என்று குறி போட்டிருப்பார்கள், சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். கையில் காசு குறைவென்றால் இன்னொரு வழி, பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் ஃபொர்லி வளாகத்திலும் திரியெஸ்தேயிலும் மொழிபெயர்ப்புக்கென்றே நல்ல கல்விக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே படித்துப் புதிதாக வெளியே வந்த பிள்ளைகள் கவனமாகச் செய்வார்கள், கேள்வியும் கேட்பார்கள். எங்களுக்கு இப்போது செய்து தருகிறவர் அப்படி வந்தவர்தான்.

விலைக்கு வந்தால் ஒரு குழப்பம் நிச்சயம். ஸ்பெயினில் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. இத்தாலியில் பலர் 'கார்த்தெல்லா' என்ற பக்கக் கணக்கில் கேட்பார்கள், இடைவெளியும் சேர்த்து 1500 எழுத்து ஒரு கார்த்தெல்லா, ஏறக்குறைய 230 முதல் 250 சொல் வரும். புத்தகப் பதிப்புத் துறையில் அது 1800, 2000 என்று மாறும். ஸ்பானிஷ் மூலத்தை எண்ணுகிறாரா முடிந்து வந்த இத்தாலியனை எண்ணுகிறாரா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காமல் 'அவர் மலிவு, இவர் விலை' என்று முடிவு கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இன்னொரு கேள்வியும் கட்டாயம்: மனிதர் செய்வதா, எந்திரம் செய்ததை மனிதர் திருத்துவதா? இரண்டும் தொழில்தான், இரண்டாவதற்கு 18587 என்று தனி ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) தரமே இருக்கிறது. ஆனால் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் விலையை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவனமாக இருந்தால் 17100 என்ற ஐஎஸ்ஓ தரம் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், அதன்படி மொழிபெயர்த்தவர் தவிர இன்னொருவரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்திருக்க வேண்டும். தனியாள் என்றால் அந்த இரண்டாவது கண்ணுக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நேரம் கொடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளைக்கு 2000, 2500 சொல் செய்வார், அதற்கு மேல் போனால் தரம் இறங்கும். வெள்ளி மாலை அனுப்பித் திங்கள் காலை கேட்பது நம் ஆட்களின் பழக்கம், கேட்டால் 'சின்ன வேலைதானே' என்பார்கள்.

ஆளைச் சோதிக்க நான் ஒரு ஸ்பானிஷ் பத்தி வைத்திருக்கிறேன். பார்க்க ஒரு சாதாரண ஹோட்டல் அறிமுகம். உள்ளே துவாய், இரண்டு பேர் அறை, பயணப்பெட்டி, இறால், கொட்டை வகைகள், மத்ருகாதா புறப்பாடு, ரத்துக்கான நாட்கணக்கு என்று வரிக்கு ஒரு கண்ணி இருக்கிறது. கூடவே கனாரித் தீவுகளில் நேரம் ஸ்பெயினின் மற்ற பகுதிகளைவிட ஒரு மணி பின்னால் என்பதைச் சொல்லாமல் விட்ட ஒரு விமான நேரமும் இருக்கிறது. அதைப் பார்த்து 'இது உள்ளூர் நேரமா' என்று திருப்பிக் கேட்கிறவரை அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பத்திக்கும் காசு கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும், ஓசியில் சோதனை கேட்டால் நல்லவர்கள் வரமாட்டார்கள்.

ஸ்பெயினிலிருந்து வரும் எல்லாத் தாளும் ஸ்பானிஷில் இருக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். பார்சலோனாவில் மெனு கத்தலானில் இருக்கும், சந்தியாகோவில் அறிவிப்புகள் கலீசியனில் இருக்கும். ஸ்பானிஷ் மட்டும் படித்தவர் கலீசியனைப் பார்த்துப் பாதி ஊகம் செய்வார். ஏற்கெனவே ஒரு அக்காள் தங்கைக் கதையால் படுகிறோம், மூன்றாவது தங்கையும் வந்தால் தாங்காது. 'இந்தத் தாள் எனக்கு ஆகாது, கத்தலான் தெரிந்தவரிடம் கொடுங்கள்' என்று சொல்கிற மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால் தொழில் சின்னது இல்லை. 2024இல் ஸ்பெயினுக்குப் போன வெளிநாட்டார் 9 கோடியே 40 லட்சத்துக்குக் கிட்ட, அதில் இத்தாலியர் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் சந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம், வெளிநாட்டாரில் இத்தாலியர் எப்போதும் முன்வரிசையில். புனித யாக்கோபின் நாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் ஆண்டு அங்கே புனித ஆண்டு, அடுத்தது 2027. பங்குகளில் இப்போதே பெயர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த யாத்திரைக்கு விதிகளும் அதிகம். நடந்து போனால் குறைந்தது 100 கிலோமீட்டர், சைக்கிளில் என்றால் 200, சான்றிதழ் வேண்டுமானால் வழிநெடுக அட்டையில் முத்திரை குத்திக்கொண்டே வர வேண்டும். அந்த விதிகள் எழுதிய தாளைத் தப்பாக மொழிபெயர்த்துக் கொடுத்து, காலில் கொப்புளத்தோடு வந்த பயணிக்கு வாசலில் 'சான்றிதழ் இல்லை' என்று சொன்னால் அவர் உங்களைச் சும்மா விடமாட்டார். தலைப்பிலேயே கோட்டைவிட்டவர்கள் உண்டு. அந்தப் பாதைக்கு ஸ்பானிஷில் 'கமீனோ', அதில் ஒரே ஒரு 'ம்', இத்தாலியனில் 'கம்மீனோ', இரண்டு. ஒன்றை விட்டுவிட்டால் இத்தாலியனில் அது அடுப்புப் புகைபோக்கி. சந்தியாகோவின் புகைபோக்கிக்கு முன்பதிவு செய்யுங்கள் என்று அட்டையில் போட்டால் வாங்குகிறவர்கள் உள்ளே திறந்து பார்ப்பார்களா?

கடைசியாக நம் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. பலெர்மோவில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், நம்மவர்கள் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஏறிப் போவதை ஊரே அறியும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இத்தாலியனை இத்தாலியரைப் போலவே எழுதுகிறார்கள். நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு அடுத்த மொழியாகப் பல பள்ளிகளில் ஸ்பானிஷும் கற்பிக்கிறார்கள், மேலே போனால் மொழிகளுக்கென்றே லிசேயோ என்ற தனி உயர்பள்ளிகள் உண்டு. ஆனால் வீட்டில் கேட்டால் மொழி படித்து என்ன செய்யப் போகிறாய், கணக்கியல் படி என்கிறார்கள். கோடை காலத்தில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்த அனுபவமும் ஒழுங்கான ஒரு மொழிபெயர்ப்புப் பட்டமும் சேர்ந்த ஒரு பிள்ளை எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு எவ்வளவு தேவை என்று அந்தப் பெற்றோருக்குத் தெரியவில்லை. தமிழும் தெரியும் என்பதால் மற்றவர் செய்ய முடியாத வேலையும் வரும், பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் இங்கே வரும் நம் உறவுகளின் குழுக்களுக்கு ஆள் தேடி நாங்கள் இன்னும் அலைகிறோம்.

இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் வாசகர் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் உங்கள் பத்திரிகை மூலமாக எனக்கு எழுதச் சொல்லுங்கள். சோதனைப் பத்தியை அனுப்புகிறேன், காசு கொடுத்துத்தான்.

இப்படிக்கு,
பலெர்மோ வாசகி